முதல் பட்டறைக்கல்லும் முதல் உலையும்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கொல்லுப் பட்டறை தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

ஒரே பொருளுக்கு இங்கே மூன்று பெயர் புழங்குகிறது. பழைய கொல்லர்கள் பட்டடை என்பார்கள், ஐ.டி.ஐ. படித்தவர்கள் அன்வில் என்பார்கள், கடையில் பட்டறைக்கல் என்றாலும் எடுத்துக் காட்டுவார்கள். கீழே முழுக்கப் பட்டறைக்கல், அல்லது சுருக்கமாகக் கல்.

மூக்கு வைத்த பெரிய அன்வில் இல்லாமல் தொடங்க முடியுமா?

முடியும். நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாளும் மண்வெட்டியும் ஏர்க்கொழுவும் அடித்தது மூக்கே இல்லாத சதுரக் கட்டியின் மேல்தான். பாதி உடம்பு மரக்கட்டைக்குள் இறங்கியிருக்கும், உள்ளங்கை அகல முகம் மட்டும் வெளியே தெரியும். படங்களில் பார்க்கிற மூக்கும் வாலும் உள்ள கல்லை லண்டன் மாதிரி என்பார்கள். வளைக்க மூக்கு, உளி செருகச் சதுரத் துளை, ஓட்டை போட உருண்டைத் துளை என்று எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அதன் வசதி. அந்த வசதிகளை வேறு வழியிலும் செய்துகொள்ளலாம். வளைக்க, வைஸில் (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கருவி) பிடித்த ஒன்றரை அங்குல உருட்டுக் கம்பி போதும். ஓட்டை போட, கனமான நட்டின் மேல் இரும்பை வைத்து அடிக்கலாம்.

கல்லிடம் கேட்க வேண்டியவை மூன்று: சுத்தியல் விழும் இடத்துக்கு நேர் கீழே எடை, சுத்தியல் தழும்பு ஏற்காத முகம், ஆடாத அடிக்கட்டை. இந்த மூன்றும் இருந்தால் வடிவம் எப்படி இருந்தாலும் வேலை நடக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து அழகான கல் வாங்கி, அதை ஆடுகிற மேசை மேல் வைத்து அடிப்பவருக்கு, மண்ணில் புதைத்த கட்டையின் மேல் தண்டவாளத் துண்டு வைத்தவரைவிட இரண்டு மடங்கு கை வலிக்கும்.

எத்தனை கிலோ கல் வேண்டும்?

தொடக்கத்தில் கையில் எடுக்கப்போவது 800 கிராம் முதல் 1 கிலோ வரையிலான சுத்தியல். அதற்கு 30 கிலோ கல் குறைந்தபட்சம், 50 கிலோ தாராளம். சுத்தியல் எடையைப் போல் 50 மடங்கு என்று ஒரு பழைய கணக்கு உண்டு, கைச் சுத்தியலுக்கு அது சரியாகவே இருக்கிறது. உதவியாள் நின்று 4 கிலோ சம்மட்டி போடும் வேலை என்றால் 80 கிலோவுக்குக் கீழே போக வேண்டாம். கட்டை போல் நெட்டாக நிற்கும் கல்லுக்கு மட்டும் இந்தக் கணக்கில் சலுகை உண்டு. அதில் முழு எடையும் அடிக்கு நேர் கீழே இருப்பதால் 18 கிலோ துண்டுகூட முதல் வருடத்துக்குத் தாங்கும்.

கடையில் புதிதாக, மலிவாகக் கிடைக்கும் வார்ப்பிரும்புக் கல்லை வாங்கலாமா?

வேண்டாம். வார்ப்பிரும்புக்குள் கரி செதில் செதிலாகப் பரவியிருக்கும். அடியை அது விழுங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. நாலு மாதத்தில் முகத்தில் குழி விழும், விளிம்பு பொரிந்து தெறிக்கும், மூக்கு ஒரு தவறான அடியில் முறியலாம். வார்ப்பு எஃகு என்பது வேறு பொருள், அது நல்லது. இரண்டுக்கும் ஒரே நீலப் பெயின்ட் அடித்திருப்பார்கள் என்பதுதான் சிக்கல். பெயின்டுக்குக் கீழே பட்டிப் பசையால் அடைத்த வார்ப்பு ஓட்டைகளும் இருக்கலாம், ஆணி முனையால் கீறிப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அடுத்த பதிலில் உள்ள சோதனைகளை நம்புங்கள்.

பழைய கல்லை எப்படிச் சோதிப்பது?

சைக்கிள் கடையிலோ பேரிங் கடையிலோ ஒரு பால்ரஸ் குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரை அங்குலத்துக்குக் குறையாத குண்டாக இருக்கட்டும், ரொம்பச் சின்னது கண்ணுக்குப் பிடிபடாது. கூடவே ஒரு ஸ்கேல், ஒரு புது அரம்.

ஸ்கேலை முகத்தின் மேல் செங்குத்தாக நிறுத்தி, 10 அங்குல உயரத்திலிருந்து குண்டைத் தள்ளாமல் நழுவ விடுங்கள். 8 அங்குலத்துக்கு மேல் எழும்பினால் அருமையான கல். 6, 7 என்றால் வாங்கலாம். 4-க்கும் கீழே என்றால் வார்ப்பிரும்பு, அல்லது தீ விபத்தில் பதம் இறங்கிய, அதாவது கடினம் போன எஃகு. ஒரே இடத்தில் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், முகம் முழுக்க ஒவ்வொரு அங்குலமாகப் போய்ப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று குறைந்தால், அங்கே மேல்தகடு உடம்பிலிருந்து பிரிந்திருக்கிறது அல்லது உள்ளே விரிசல் ஓடுகிறது. துரு கனமாக இருந்தால் முதலில் தேய்த்துவிட்டுச் சோதியுங்கள், துரு குண்டின் வேகத்தைத் தின்றுவிடும்.

அடுத்தது ஓசை. சின்னச் சுத்தியலால் தட்டினால் எஃகு மணிபோல் கணீரென்று பேசும், வார்ப்பிரும்பு 'டொக்' என்னும். மரக்கட்டையில் இறுக்கிக் கட்டியிருந்தால் நல்ல கல்லும் வாயடைத்துப் போகும், எனவே கழற்றிவைத்துத் தட்டுங்கள். பின் அரத்தை முகத்தின் ஓரத்தில் மெதுவாக இழுங்கள். வழுக்கினால் கடினம், கடித்தால் மென்மை.

மேலே வழுவழுவென்று கிரைண்டர் போட்டுப் பளபளப்பாக்கிய பழைய கல் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பல பழைய கல்களில் கடினமான மேல்தகடு அரை அங்குல அளவுதான். அதில் பாதியைத் தேய்த்து அழகாக்கி விற்றிருந்தால், நீங்கள் வாங்குவது மீதிப் பாதியை.

விளிம்பு உடைந்திருக்கிறது, நடுவில் லேசாகக் குழி. விட்டுவிடலாமா?

அவ்வளவு நீள முகத்தில் நான்கு அங்குல நல்ல விளிம்பு இருந்தால் போதும். லேசான குழி ஒரு குறையே இல்லை, வளைந்த இரும்பை நிமிர்த்த அந்தப் பள்ளம் உதவும். உடைந்த ஓரத்தை ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டு மழுக்கிவிடுங்கள். கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும். புதுக் கல்லின் கத்தி போன்ற விளிம்பையும் 3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலைப் பொருளில் வெட்டு விழும், அந்த வெட்டிலிருந்தே பின்னால் விரிசல் தொடங்கும்.

வெல்டிங் வைத்து நிரப்புகிறேன் என்று யாராவது முன்வந்தால் யோசியுங்கள். முழுக் கல்லையும் 200 டிகிரிக்கு மேல் சூடேற்றாமல் வைத்த வெல்டிங், அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் போட்டுவிட்டுப் போகும்.

தண்டவாளத் துண்டு சரிப்படுமா?

தொடங்குபவருக்கு அதுவே முதல் தேர்வு, ஆனால் நிற்க வைத்தால்தான். படுக்க வைத்தால் தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுப்பு ஸ்பிரிங்போல் துள்ளும், சத்தமும் காதைக் கிழிக்கும். நெட்டாக நிறுத்தினால் அடி முழுக்க எடையில் இறங்கும். இந்திய ரயில்வேயில் பரவலாக இருப்பவை மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ தண்டவாளங்கள். 60 கிலோ வகையில் ஒரு அடி நீளம் 18 கிலோ வரும், 52-ல் 16 கிலோவுக்குச் சற்றுக் குறையும். முடிந்தால் இரண்டு அடியாக வாங்குங்கள். தலைப் பகுதி ஏறக்குறைய 7 செ.மீ. அகலம், முகமாகப் பயன்படுவது அதுதான், அரிவாள் அடிக்கத் தாராளம். வெட்டிய முனையைக் கிரைண்டரில் சமமாக்கி, ஓரங்களை உருட்டிக்கொள்ளுங்கள். இடுப்புத் தகட்டின் ஒரு விளிம்பை மழுங்கிய கத்திபோல் தேய்த்தால் இரும்பை நீட்டி இழுக்கவும் உதவும்.

பில் இல்லாமல் தண்டவாளம் வாங்கக் கூடாது. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது, எப்படிக் கைக்கு வந்தது என்பதை விளக்க வேண்டியவர் வைத்திருப்பவரே. ரயில்வே ஏலத்தில் எடுத்த காயலான் கடைக்காரரிடம் பில்லோடு வாங்கி, அந்தப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

தண்டவாளம் கிடைக்கவில்லை என்றால்?

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட் சுற்றுவட்டாரத்திலும் உள்ள லேத் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய தடித்த உருட்டுகள் கிடக்கும். ஈ.என். 8 என்று கேளுங்கள், நடுத்தர அளவு கரி சேர்ந்த எஃகு வகை அது. 6 அங்குல விட்டமும் 10 அங்குல உயரமும் உள்ள உருட்டு ஏறக்குறைய 35 கிலோ, நம் பழைய பட்டடையின் உடன்பிறப்பு மாதிரி. கடினம் கொஞ்சம் குறைவு, ஆனால் சிவக்கக் காய்ந்த இரும்பைத்தானே அதன் மேல் வைக்கப்போகிறீர்கள். ஃபோர்க்லிஃப்டின் உடைந்த முள், பெரிய டீசல் இன்ஜினின் தண்டு ஆகியவையும் நல்லவை. முகத்தைக் கடினமாக்குகிறேன் என்று இந்தக் கட்டிகளை வீட்டில் காய்ச்சித் தண்ணீரில் இறக்கும் முயற்சி வேண்டாம். 35 கிலோ செந்தணலைக் குளிர்விக்க ஒரு டிரம் தண்ணீர் போதாது.

கல் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? நின்று அடிப்பதா, உட்கார்ந்தா?

நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடியுங்கள். விரல் முட்டி நிற்கும் உயரமே முகத்தின் உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு 28 அங்குலத்தை ஒட்டி வரும். உயரம் கூடினால் தோள் வலிக்கும், குறைந்தால் இடுப்பு. சுத்தியல் தழும்பே உங்களுக்குச் சொல்லிவிடும். பிறை வடிவத் தழும்பு உங்கள் பக்கத்து ஓரத்தில் விழுந்தால் கல் உயரம் அதிகம், எதிர்ப்பக்க ஓரத்தில் விழுந்தால் உயரம் போதவில்லை.

உட்கார்ந்து அடிப்பது நம் பழைய முறை. சம்மட்டிக்காரர் எதிரே நின்று ஓங்கிப் போட, கொல்லர் உட்கார்ந்தபடி குறட்டால் திருப்பிக் கொடுப்பார். துணை ஆள் இருந்தால் அருமையான முறை. தனியாளுக்கு நிற்பதே மேல், காரணம் உலைக்கும் கல்லுக்கும் வைஸுக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடிக்கட்டைக்கு எந்த மரம்? எப்படிப் பதிப்பது?

புளி, வேம்பு, கருவேலம். இந்தக் கரை முழுக்கச் சவுக்கு விளைகிறதே என்று கேட்பார்கள். கடினமான மரம்தான், ஆனால் காயக் காய நெடுக வெடிக்கும், இரண்டு இரும்புப் பூண் போட்டால் ஓட்டலாம். தென்னை வேண்டாம், நார் நசுங்கி உள்ளே இறங்கிவிடும். எந்த மரமானாலும் நார் செங்குத்தாக ஓட வேண்டும்.

12 அங்குலத் தண்டவாளமும் 28 அங்குல மொத்த உயரமும் என்றால் கட்டை தரைக்கு மேலே 16 அங்குலம் தெரிய வேண்டும். தண்டவாளத்தைக் கட்டைக்குள் 4 அங்குலம் இறக்கிப் பதித்தால் 20 ஆகும். இதோடு ஒன்றரை அடி மண்ணுக்குள். குழியின் அடியில் கருங்கல் ஜல்லி போட்டுத் திமிசு அடித்து, புதையும் பாகத்துக்கு இரண்டு கை தார் பூசுங்கள், கரையானுக்காக.

வாடகை இடம், தோண்ட முடியாது என்றால் மணல் பெட்டி. இரண்டு அங்குலப் பலகையில் 14 அங்குலச் சதுரப் பெட்டி, 20 அங்குல உயரம், உள்ளே மணலை இறுக்கி நிரப்பி, மேலே ஒரு தடித்த பலகை, அதன் மேல் கல். மணல் மட்டுமே நூறு கிலோ வரும், அசையாது, சத்தத்தையும் பாதி விழுங்கிவிடும். தேவனாம்பட்டினத்திலிருந்து ரெண்டு மூட்டை அள்ளிக்கொண்டு வரலாம் என்று தோன்றும். கடல் மணலில் உள்ள உப்பு ஆணிகளையும் கல்லின் அடியையும் அரித்துவிடும். ஆற்று மணலோ எம்.சாண்டோ போடுங்கள்.

பட்டறைக்கு எவ்வளவு இடம், எப்படிக் கூரை?

10-க்கு 10 அடி போதும், 10-க்கு 14 வசதி. உலையிலிருந்து திரும்பி ஒரே எட்டில் கல் இருக்க வேண்டும். மூன்றடிக்கும் நாலடிக்கும் இடையே வையுங்கள், ஒவ்வொரு அடி தூரத்திலும் சூடு இறங்குகிறது. தரை மண்ணாகவே இருக்கட்டும். சிமென்ட் தரையில் செந்தணல் இரும்பு விழுந்தால் சில்லு தெறிக்கும்.

கீற்றுக் கொட்டகை கூடவே கூடாது. பொறி கூரைக்குள் போய் ஒளிந்திருந்து, நீங்கள் சாப்பிடப் போன பிறகுதான் பிடிக்கும். தகரம் போடுங்கள், 10 அடிக்குக் குறையாத உயரத்தில், ஜே போல்ட்டால் இறுக்கி. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியபோது ஆணி மட்டும் அடித்த தகரங்கள் என்ன ஆயின என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புகைபோக்கிக் குழாய் 10 அங்குல விட்டம், கூரை உச்சிக்கு மேல் மூன்றடி.

திறப்பைத் தெற்கே வைப்பது எங்கள் பரிந்துரை. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்த்தடிக்கும், எனவே வடக்கும் கிழக்கும் அடைப்பு. மேற்கு வெயில் நேராக உலையில் விழுந்தால் இரும்பின் நிறம் தெரியாது, ஆரஞ்சு நிறத்தைச் சிவப்பு என்று நினைத்து மேலும் காய்ச்சி இரும்பைக் கருக்கிவிடுவீர்கள். அதனால் மேற்கே உயரத்தில் ஒரு சாளரம் மட்டும். நாலு பக்கமும் மூடிய அறையில் கரி உலை மூட்டுவது உயிரோடு விளையாட்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது.

உலையை எப்படிக் கட்டுவது?

செங்கல்லால் மூன்றடிக்கு இரண்டரை அடி மேடை, இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரம், உள்ளே மண் நிரப்புங்கள். மேலே 8 அங்குல அகலம், 5 அங்குல ஆழத்தில் கிண்ணம்போல் குழி. காற்றுக்குழாய் பக்கவாட்டில், குழியின் அடியிலிருந்து இரண்டரை அங்குலம் மேலே நுழையட்டும். அதன் கீழே உள்ள பள்ளத்தில் கிட்டம் (உருகி இறுகும் கரிக் கழிவு) தேங்கும், காற்றை அடைக்காது. மரக்கரிக்கு 1 அங்குல உள்விட்டக் குழாய் போதும். கறுப்புக் குழாயாக வாங்குங்கள், ஜி.ஐ. குழாய் வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து புகையும்.

பூச்சுக்கு இரண்டு பங்கு புற்றுமண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு கை உமி. பிசைந்து ஒன்றரை அங்குலக் கனத்தில் பூசி, நிழலில் நாலு நாள் காயவிட்டு, முதல் நாள் சுள்ளித் தீ மட்டும் போடுங்கள். அவசரப்பட்டால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிப் பூச்சை உரித்துத் தள்ளும். தீ படும் இடத்தில் சிமென்ட் கலவையும் கூழாங்கல்லும் கூடாது, இரண்டுமே வெடித்துச் சிதறும். குழாய் முனை சில வாரங்களில் எரிந்து குட்டையாகும். அதைத் தள்ளித் தள்ளி வைக்க வசதியாகத் தளர்வாகப் பதியுங்கள்.

தீயின் நெஞ்சு, குழாய் வாயிலிருந்து இரண்டு முதல் நான்கு அங்குலம் தள்ளி இருக்கும். இரும்பைப் படுக்கையாக அங்கே நுழைத்து, மேலே நாலு அங்குலம் கரி மூடியிருக்கும்படி வையுங்கள். குழாய் வாய்க்கு நேரே குத்தினால் எரியாத காற்று பட்டு இரும்பின் மேல்தோல் பொருக்காக உரியும், வேகமாகக் காயாது. தொடங்குபவர்களிடம் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

துருத்தியா, கைப் புளோயரா, மின் புளோயரா?

கைப் புளோயர். கையை எடுத்தால் காற்று நிற்கும், கரி மிச்சமாகும், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. மின் புளோயர் என்றால் குழாயில் தகரத் தடுப்பு ஒன்று வைத்துக் காற்றைக் குறைக்கும் வசதி கட்டாயம். மரக்கரிக்குத் தேவையான காற்று நீங்கள் நினைப்பதில் கால் பங்கு. பொறி வாணவேடிக்கை காட்டினால் காற்று அதிகம். தோல் துருத்தி அழகு, ஆனால் உப்புக் காற்றில் தோலைப் பேணுவது தனி வேலை.

எந்தக் கரி? பக்கத்தில் நெய்வேலி இருக்கிறதே, அந்த நிலக்கரி ஆகாதா?

அடிக்கடி வரும் கேள்வி, பதில் ஆகாது என்பதே. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. வெட்டியெடுக்கும்போது எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நல்ல மரக்கரி தரும் வெப்பத்தில் பாதிகூடத் தராது, புகை கண்ணைப் பிடுங்கும், குவித்து வைத்தால் தானாகவே கனன்று பிடிக்கும் குணமும் உண்டு. கொதிகலனுக்குப் பொடித்து ஊதி எரிக்க ஏற்ற பொருள் அது. ஒரு காலத்தில் அங்கேயே அதைச் சுட்டு 'லெக்கோ' என்று கரிக்கட்டியாக விற்றார்கள், பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

வேலிக்காத்தான் கரி நம் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, வெப்பமும் அதிகம். சவுக்குக் கரியும் நல்லது. கொட்டாங்கச்சிக் கரி நன்றாகக் காயும், ஆனால் காற்று நின்றதும் சோர்ந்துவிடும். பெரிய கட்டிகளை எலுமிச்சை அளவுக்கு உடைத்துச் சலித்துப் போடுங்கள், தூள் காற்றை அடைக்கும். 12 மி.மீ. கம்பி வேலைக்கு மணிக்குச் சுமார் 2 கிலோ எரியும். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைத்தால் ஈரம் குடித்து எடை ஏறும், நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். நம் மாவட்டப் பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் நடத்திய இரும்பு ஆலை, சேலத்துத் தாதுவை உருக்கியதும் மரக்கரியில்தான். அவ்வளவு பெரிய வேலைக்குத் தாங்கிய எரிபொருள் உங்கள் அரிவாளுக்குத் தாங்கும்.

கேஸ் உலை?

சுத்தமானது, வேகமானது. ஆனால் அதற்கு உயர் அழுத்த ரெகுலேட்டர், வெப்பம் தாங்கும் உள்பூச்சு, சரியாகச் செய்த பர்னர் வேண்டும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைப் பட்டறைக்குப் பயன்படுத்துவது விதிமீறல், 19 கிலோ வணிக சிலிண்டர் எடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் கரியிலேயே பழகுங்கள்.

முதல் நாளுக்கு என்னென்ன கருவிகள்?

1 கிலோ சுத்தியல் ஒன்று, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குறுக்குவாய். கடையில் வரும் சுத்தியலின் தட்டை முகத்து விளிம்பு கூராக இருக்கும், கிரைண்டரில் லேசாகக் குவித்து உருட்டுங்கள். புதுச் சுத்தியலை அப்படியே பயன்படுத்தி 'என் வேலை முழுக்கத் தழும்பு' என்று புலம்புகிறவர்கள் நிறைய.

குறடு இல்லாமலே தொடங்கலாம். இரண்டடி நீளக் கம்பியை எடுத்தால் ஒரு முனை சிவந்திருக்கும்போது மறுமுனையை வெறும் கையால் பிடிக்கலாம். பிறகு முதலில் வாங்க வேண்டியது கம்பி பிடிக்கும் வாய்க்குறடு. வாய் பொருளோடு முழுக்கப் பொருந்த வேண்டும். பொருந்தாத குறட்டிலிருந்து நழுவிய செந்தணல் இரும்பு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வைஸ் வாங்கினால் தரை வரை காலூன்றும் கால் வைஸ் வாங்குங்கள், அடியைக் கால் வழியே தரைக்கு அனுப்பும். மேசை வைஸ் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, சுத்தியலால் அடித்தால் தாடை முறியும். இவற்றோடு கம்பி பிரஷ், ஒரு வெட்டுளி, வாளித் தண்ணீர், வாளி மணல்.

எந்த இரும்பில் பழகுவது?

10 அல்லது 12 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், மென்மையான சாதா இரும்பு) சதுரக் கம்பி. கட்டட வேலையில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பி சும்மா கிடைக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். அதன் முறுக்கு வரிகள் அடியில் மடிந்து உள்ளுக்குள் மடிப்பு விரிசல் ஆகும். ஆணி, கொக்கி செய்து பார்க்கலாம், அவ்வளவே. கத்தி, அரிவாளுக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை, ஆனால் பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும்.

துறைமுகப் பக்கத்துக் காயலான் கடைகளில் ஒரு தனி ஆபத்து உண்டு. படகுச் சாமான்கள், சங்கிலி, கொளுத்து எல்லாம் துத்தநாகப் பூச்சுப் போட்டவை. காய்ச்சினால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் அன்றிரவு குளிர்காய்ச்சல்போல் உடம்பு நடுங்கும். கப்பல் தகட்டின் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இரண்டையும் உலைக்குள் கொண்டு போகாதீர்கள்.

நிறத்தை வைத்துச் சூட்டை எப்படி அறிவது? தோய்ச்சல் எப்படி?

நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு 700 டிகிரியை ஒட்டியது, ஆரஞ்சு 950-ஐ, மஞ்சள் 1100-ஐ. எம்.எஸ். கம்பியை ஆரஞ்சு முதல் மஞ்சளுக்குள் அடியுங்கள். சிவப்பு மங்கியதும் நிறுத்தி மறுபடி உலைக்கு. பூத்திரி போலப் பொறி தெறித்தால் இரும்பு எரிகிறது, அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான்.

தோய்ச்சல் என்பது காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவது. ஸ்பிரிங் பட்டைக்கு: காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை காய்ச்சி, அதற்கு மேல் ஒரு சாயல் கூட்டுங்கள். இதே சூட்டுக்கு மூன்று முறை கொண்டுபோய்க் காற்றில் ஆறவிட்டு, நாலாவது முறை எண்ணெயில் இறக்குங்கள். மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் 5 லிட்டர் சமையல் எண்ணெய், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே அதிகம். பாத்திரத்தின் அடியில் துளி தண்ணீர்கூட இருக்கக் கூடாது, ஆவியாகி எண்ணெயை மேலே தூக்கி எறியும். செங்குத்தாக இறக்குங்கள், பக்கவாட்டில் வளைத்தால் கத்தியும் வளையும்.

தண்ணீர்த் தோய்ச்சல் பழைய முறைதானே என்பார்கள். கரையோரத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. உப்புநீர் நல்ல தண்ணீரைவிட வேகமாகக் குளிர்விக்கும், ஸ்பிரிங் பட்டை 'டிக்' என்ற சின்னச் சத்தத்தோடு விரிசல் விட்டுவிடும்.

தோய்ந்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும், பதம் இறக்க வேண்டும், அதாவது மிதமாகச் சூடேற்றிக் கடினத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றி நிறம் ஓடுவதைப் பாருங்கள். வைக்கோல் மஞ்சள் 220–230 டிகிரி, பழுப்பு 250–260, ஊதா 280. முதுநகர் மீன் வெட்டும் கத்திக்கு மஞ்சளில் நிறுத்தலாம். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக் கத்திக்கும் பண்ருட்டிப் பலா பிளக்கும் அரிவாளுக்கும் பழுப்பைத் தாண்டி ஊதா தொடங்கும் இடம். கூர் சற்று விரைவில் மழுங்கும், ஆனால் வாய் தெறிக்காது.

உடுப்பு, பாதுகாப்பு?

பருத்திக் கால்சட்டை, தோல் செருப்பல்ல தோல் ஷூ, கண்ணாடி. லுங்கி வேண்டாம், பாலியெஸ்டர் சட்டை அறவே வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டும். சுத்தியல் பிடிக்கும் கைக்கு உறை போடாதீர்கள். கருத்துக் கிடக்கும் இரும்பு ஆறியது என்று நம்பாதீர்கள், 400 டிகிரியிலும் அது கறுப்புதான். புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மை எதுவும் பூசக் கூடாது.

உப்புக் காற்றில் கல் துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது?

தினம் அடிக்கிற முகத்துக்குத் துரு வராது. ஒரு வாரம் விட்டால் செம்மண் நிறம். வேலை முடிந்ததும் பழைய கியர் ஆயில் தோய்ந்த துணியால் துடையுங்கள். மழைக்கு முன் கிரீஸ் தடவிச் சாக்கால் மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் வேகமாக அரிக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரு நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. புளோயர் மோட்டார், கரி, வெல்டிங் ராடு மூன்றும் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும். கல் முழுகினால் ஒன்றும் ஆகாது.

அக்கம்பக்கத்தார் சத்தத்துக்குச் சண்டைக்கு வந்தால்?

கல்லின் இடுப்பில் சங்கிலியை இறுக்கிச் சுற்றி, அடியில் ஒரு ரப்பர் மேட் போட்டால் மணியோசை அடங்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. கொல்லுப் பட்டறை இதற்குள் அடங்குவது கடினம், அதனால் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு உதவி உண்டா?

பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கியது. அதன் 18 தொழில்களில் கொல்லர் தொழில் ஒன்று, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உண்டு. இதைத் தொழிலாகவே செய்பவர்களுக்கானது, பொழுதுபோக்குக்கு அல்ல. தமிழ்நாடு கைவினைஞர்களுக்குத் தனித் திட்டம் கொண்டுவந்தது, கடலூர்க்காரர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் நிபந்தனைகளைக் கேளுங்கள்.

முதல் மாதம் என்ன செய்வது?

நேராக அரிவாளுக்குப் போகாதீர்கள். 12 மி.மீ. கம்பியை நாலு பட்டையாகக் கூர்மையாக்கிப் பழகுங்கள், முனை சாய்ந்து பிளந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம். பிறகு பத்து கொக்கி, பத்தும் ஒரே அளவில். அடுத்து உலை கிளறும் கோல், ஒரு உளி, அதன்பின் உங்கள் சொந்தக் குறடு. குறட்டுக்கு 16 மி.மீ. கம்பியில் 40 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வேண்டும், ரிவெட்டுக்கு 8 மி.மீ. கம்பி. ரிவெட் அடித்ததும் குறடு இறுகிக்கொள்ளும். மறுபடி சிவக்கக் காய்ச்சி, திறந்து மூடி, திறந்து மூடி, அசைத்தபடியே தண்ணீரில் இறக்குங்கள், தளர்ந்துவிடும்.